கை நனைக்காத சீர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு புத்தகம் என்ற வாசிப்புத் திட்டத்தை ஆரம்பித்தவள் நான்தான். அதனால் அதில் வந்த பெருமையில் எனக்குப் பங்கு உண்டு, கேவலத்திலும் உண்டு. பெருமையைப் பற்றி எங்கள் சங்கத்துச் செயலாளர் வாட்ஸ்அப்பில் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார். மிச்சத்தை எழுத ஆளில்லாததால் நான் எழுதுகிறேன்.

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இருபது வருடமாகப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கியதில் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பித் தர வருகிறவரின் முகத்தைப் பார்த்தே அவர் படித்தாரா, சும்மா வைத்திருந்து கொண்டுவந்தாரா என்று சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கல்லூரியில் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் யாரும் தொடாததால், அந்தத் திமிரை வீட்டுக்கு எடுத்து வந்து அக்கம்பக்கத்தார் மேல் இறக்கினேன்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணி, தரைத்தள ஹால். காலையில் அங்கே யோகா நடக்கும், பல நாள் யாராவது ஒரு குழந்தையின் பிறந்தநாள் நடக்கும். சுவரில் எப்போதும் பலூன் ஒட்டிய டேப் தெரியும். அங்கேதான் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து பேசுவோம். மோட்டார் பம்பு தயாரிப்பவர்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், இரண்டு டாக்டர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள். முதலில் பத்துப் பேர் வந்தார்கள். போண்டாவும் காபியும் உண்டு என்று தெரிந்த பிறகு நாற்பதானது. போண்டாவுக்கு வந்தவர்களும் போகப் போகப் படிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

அந்த மாதம் நான் தேர்ந்தெடுத்தது ஒரு சிறுமியின் கதை. பெயரைச் சொல்லப் போவதில்லை, புத்தகத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வீட்டில் சோறு இல்லாத பத்து வயதுப் பெண், மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். ஒரு டீச்சர் அவளைக் கண்டுபிடித்து, தினமும் தன் டப்பாவிலிருந்து பாதியைக் கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை. ஹாலில் கிட்டத்தட்ட எல்லோரும் அழுதார்கள். செயலாளர் பேச எழுந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவருடைய பட்டறையில் வேலைக்காரர்களை அவர் திட்டுகிற சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும் என்பார்கள். அவரையே அழவைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அழாதவர் ஒருவர்தான். டவுன்ஹால் பக்கம் துணிக்கடை வைத்திருந்து, இப்போது மகன்களிடம் விட்டுவிட்டு எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெரியவர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். அவர் முறை வந்தபோது, “இருபது பக்கம் படிச்சேனுங்க. அதுக்கு மேல கண்ணு எரியுது. மிச்சத்தைத்தான் நீங்கல்லாம் சொல்லிட்டீங்களே” என்றார். மனசுக்குள் அவருக்கு ஒரு முட்டை போட்டேன்.

அழுது முடித்ததும் எங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று வந்துவிட்டது. “படிச்சோம் அழுதோம்னு போறதுக்கா இத்தனை பேரு கூடறோம்? இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு நம்மனால ஆனதைச் செய்யோணுமுங்க” என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். எந்தக் குழந்தைகளுக்கு என்று கேள்வி வந்தபோது, என் வாய் சும்மா இருக்கவில்லை. அன்னூருக்கு அந்தப்புறம் எங்கள் ஊரில் நான் படித்த அரசுப் பள்ளியைச் சொன்னேன்.

நான் படித்த காலத்தில் அந்தப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளும் படித்தோம், காலனிப் பிள்ளைகளும் படித்தார்கள். இப்போது ஊருக்குள் காலையில் தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து எங்கள் உறவுக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அரசுப் பள்ளியில் மிச்சமிருப்பது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். அப்பா அம்மா இருவரும் ஸ்பின்னிங் மில்லுக்கோ தோட்டத்து வேலைக்கோ போகிறவர்கள். கதையில் வரும் பெண்ணைப் போலப் பட்டினி கிடப்பவர்கள் இல்லை, மதியம் சத்துணவு இருக்கிறது. ஆனால் படிக்கப் பாடப்புத்தகம் தவிர வேறு ஒன்றும் கிடையாது, வைக்க ஓர் அலமாரியும் கிடையாது.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி, என்னோடு ஐந்தாவது வரை ஒரே வகுப்பில் படித்தவள். காலனிக்காரி. மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவள் மகள் அதே பள்ளியில் எட்டாவது. இரண்டு வருடங்களாக அந்தப் பெண்ணுக்கு நான் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து கோவைக்குக் காய் கொண்டுவரும் என் தம்பியின் வண்டியில் போகும், அதே வண்டியில் திரும்பி வரும். திரும்பும்போது கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் எழுதி உள்ளே வைத்திருப்பாள். பாராட்டெல்லாம் இருக்காது. இந்த இடத்தில் இவன் ஏன் இப்படிச் செய்தான், முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, இன்னும் பெரிய புத்தகம் அனுப்புங்கள். என் கல்லூரியில் ஒரு பேராசிரியர்கூட எனக்கு அப்படி ஒரு தாள் தந்ததில்லை. அந்தத் தாளுக்காகவே நான் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அந்த வகுப்புத் தோழி என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாள், நான் அவளை ‘வா, போ’ என்பேன். ஒரே வயது, ஒரே பெஞ்சு. இது எனக்கு விசித்திரமாகப்பட்டதே இல்லை. இதை எழுதும்போதுதான் உறுத்துகிறது.

சீராகக் கொண்டுபோகலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். இப்போது பல ஊர்களில் அரசுப் பள்ளிகளுக்குக் கல்விச் சீர் என்று கொண்டுபோகிறார்கள். பொதுவாகச் சீர் என்பது தாய்மாமன் கொண்டுபோவது. காது குத்துக்கும் பெண் பெரியவளானதற்கும் கல்யாணத்துக்கும் தாம்பாளங்களில் துணி, பழம், வெல்லம் எல்லாம் வைத்து, மேளத்தோடு ஊர் பார்க்க நடந்துபோய் இறக்குவார்கள். அதே மாதிரி தாம்பாளத்தில் புத்தகமும் நோட்டும் வைத்து, மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போவோம், அந்தக் குழந்தைகளுக்கு நாம் எல்லோரும் மாமன் அத்தை ஆவோம் என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். கைதட்டினார்கள். பெண்கள் அப்போதே என்ன கலர் பட்டு கட்டுவது என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே தோழிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“சீருங்களா அம்மணி? நெசமாலுமே சீருன்னுதான் சொல்றீங்களா?”

“ஆமா புள்ள. தட்டு, மேளம், எல்லாத்தோடயும்.”

“அப்பிடீன்னா நாங்க சோறாக்கோணுமுங்களே. சீரு கொண்டாறவீங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமுங்களா?”

எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். சீர் கொண்டுபோனவர்கள் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போனால் உறவு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதனால் எத்தனையோ கல்யாண வீடுகளில் சண்டை வந்திருக்கிறது. எனக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். மேடையில் பேசுகிற மாதிரி சீர், மாமன், அத்தை என்று அடுக்கியபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

“செய்யி புள்ள” என்றேன்.

மறு வாரம் அவளே கூப்பிட்டாள். காலனியில் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்து சமைப்பதாக முடிவு செய்திருக்கிறார்களாம். அரிசிம்பருப்புச் சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், தயிர், இனிப்புக்குக் கச்சாயம். மில்லில் அன்றைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. சில ஆண்கள் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், “டவுனுக்காரங்க நம்ம சோத்தைத் திங்க மாட்டாங்க, ஆக்கி அவமானப்பட வேண்டாம்” என்கிறார்கள் என்று சொன்னாள்.

“நாந்தாஞ் சொன்னேனுங்க, அவங்கெல்லாம் புஸ்தகம் படிக்கறவிங்க, அப்பிடியெல்லாம் பாக்க மாட்டாங்கன்னு. எம்பேச்சை நம்பித்தான் ஒத்துக்கிட்டிருக்கறாங்க அம்மணி.”

அவள் எங்களுக்காகத் தன் ஆட்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். நான் கொடுக்க வேண்டிய வாக்கை அவள் கொடுத்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்றார்.

சிரமம் என்ற சொல் கிடைத்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், கூலி வேலைக்காரர்கள், அவர்கள் கையால் செலவு செய்ய வைக்கலாமா. டாக்டர், தண்ணீர் எப்படி இருக்குமோ, வெயில் காலம் வேறு என்றார். வெளியில் எங்கேயுமே நான் சாப்பிடுவதில்லை என்று ஓர் அம்மாள் சொன்னார். அந்த அம்மாளை அவினாசி ரோட்டில் பானிப்பூரி வண்டி முன்னால் நான் வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறேன். ஒருவர்கூட உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டு மரியாதையாகவே முடித்துவிடுவோம்.

அப்போது நான் எழுந்து சண்டை போட்டிருக்க வேண்டும். வாய்த் துடுக்குக்குப் பெயர் போனவள் நான். கல்லூரி முதல்வரிடமே குரல் உயர்த்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: “அப்படீன்னா நம்ம பார்சல் வாங்கிட்டுப் போயிடலாம். கொழந்தைகளுக்கும் சேர்த்து வாங்கிடலாம்.” எல்லோருக்கும் உயிர் வந்தது. காந்திபுரத்தில் நல்ல ஓட்டல் எது என்று பேச்சு மாறியது. தோழியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று என்னிடமே ஒப்படைத்தார்கள்.

நான் சொல்லவில்லை. தினமும் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒருவேளை அங்கே போய்ப் பார்த்ததும் நம் ஆட்களே மனசு மாறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பது சுலபம்.

சனிக்கிழமை காலை ஏசி பஸ்ஸில் போய் இறங்கினோம். ஊர்க் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. இருபத்தோரு தாம்பாளம், ஒரு பூமி உருண்டை, ஒரு வண்டியில் இரும்பு அலமாரி. முன்னால் நான்கு பேர் தப்பட்டை அடித்துக்கொண்டு போனார்கள். என் தம்பி ஏற்பாடு செய்த ஆட்கள். பாதி வழியில்தான் கவனித்தேன், நான்கு பேரும் காலனிக்காரர்கள், அந்தப் பள்ளிக் குழந்தைகளின் அப்பன்மார். தங்கள் பிள்ளைகளுக்கு வரும் சீருக்குத் தாங்களே மேளம் அடித்துக்கொண்டு வெயிலில் பின்னோக்கி நடந்தார்கள். அடிக்கிறவர்கள் யார் என்று தம்பி யோசிக்கவில்லை, எங்கள் ஊரில் யாருமே யோசிக்க மாட்டார்கள். செயலாளர் அதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டே வந்தார்.

பள்ளி வாசலில் தோழி நின்றிருந்தாள். மஞ்சள் பட்டு, தலை நிறைய கனகாம்பரம். ஆரத்தி எடுத்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். சிலர் நெற்றியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவள் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. காதோரம் குனிந்து, “வெடியால மூணு மணிக்கே அடுப்புப் பத்த வெச்சாச்சுங்க அம்மணி. நெய்யி நம்ம எருமை நெய்யி” என்றாள். நான் சிரித்தேன்.

மேடையில் எல்லோரும் பேசினார்கள். கடைசியாக அவள் மகள். அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கதையை அவளுக்கும் அனுப்பியிருந்தேன், அதைப் பற்றித்தான் பேசினாள். இரண்டு சடை, கையில் தாள் இல்லை.

“அந்த டீச்சர் நல்லவங்கதானுங்க. தெனமும் சோறு குடுத்தாங்க. ஆனா அவ ஊட்டுல என்ன ஆக்குவீங்கன்னு ஒரு நாளும் கேக்கலீங்க. ஒரு நாளாச்சும் அவ ஊட்டுக்கு வந்து உக்காந்து சாப்புட்டிருந்தா அவளுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும். அதை எழுதாம உட்டுட்டாங்க. அதான் எனக்குப் புடிக்கலீங்க.”

நல்ல கைதட்டல். எங்கள் ஆட்களும்தான் தட்டினார்கள். என்ன பேச்சு, என்ன தைரியம் என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் சொன்னார். நாற்பது பேர் ஒரு மாதம் அழுது அழுது பேசியும் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம்.

நன்றி சொல்லி முடித்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் பாய் விரித்து வாழையிலை போட ஆரம்பித்தார்கள். தண்ணீர் தெளித்த இலைகள் இரண்டு வரிசையாக நீளமாகப் போயின. பெண்கள் குண்டானைத் தூக்கி வந்து வைத்தார்கள். நெய் மணம் மைதானம் வரைக்கும் வந்தது. அதே நேரத்தில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கின. செயலாளர் மைக்கைப் பிடித்து, “குழந்தைங்க எல்லாம் வரிசையா வந்து பார்சல் வாங்கிக்குங்க கண்ணுங்களா. தக்காளி சாதம், தயிர் சாதம், லட்டு இருக்குது” என்றார். குழந்தைகள் குழம்பி அம்மாக்களைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை என்ன செய்வது என்று தெரியாமல் வரிசை போட வைத்தார். தாய்மார்கள் கையில் கரண்டியோடு இலைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எங்கள் ஆட்கள் “வெயிலுங்க, பஸ்ல ஏசி இருக்குது” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

இலையில் உட்கார்ந்தவர் ஒருவர்தான், துணிக்கடை பாய். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லியபடி மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார். “சீருன்னு சொல்லிப்போட்டு வந்தாச்சு. சாப்புடாமப் போனா நல்லாவா இருக்குமுங்க?” என்று பொதுவாகச் சொன்னார். யார் மேலும் கோபமில்லை. இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார், ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அந்த மொத்தக் கூட்டத்தில் புத்தகத்தைப் படித்து முடிக்காதவர் அவர் மட்டும்தான்.

தோழி என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக, நெய்ப் பிசுக்கோடு இருந்தது.

“அவிங்க போனாப் போறாங்க அம்மணி. நீங்க உக்காருங்க. நீங்க உக்காந்தாப் போதுமுங்க, நான் சமாளிச்சுக்குவேன்.”

சுற்றி அவள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் என் தம்பியும், சித்தப்பா மகன்களும், ஊர்க்காரர்கள் இன்னும் சிலரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டுப் பீளமேட்டுக்குப் போய்விடுவேன். தம்பிக்கு அந்த ஊரில்தான் வாழ்க்கை, அவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், அந்த இலையைப் பார்த்ததும் எனக்கே உள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்று பின்வாங்கியது. தம்பிக்குப் பயந்தது அதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கில் புத்தகம் படித்தவளுக்குள் அது அப்படியே, தூசிகூடப் படியாமல் உட்கார்ந்திருந்தது.

“இன்னிக்கு நான் ஒருபொழுது புள்ள. சனிக்கெழமை விரதம்” என்றேன்.

வாழ்க்கையில் நான் ஒரு வேளை விரதம் இருந்ததில்லை. அவளுக்கு அது தெரியுமோ தெரியாதோ. கையை விட்டாள்.

“சரிங்க அம்மணி” என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் தலை சுற்றியது. செயலாளர் ஒரு தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்தே என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

சீர் கொண்டுவந்த தாம்பாளங்களை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு முறை இருக்கிறது. எல்லாத் தாம்பாளத்திலும் நாலு நாலு கச்சாயம் வைத்து, காலனிப் பெண்கள் பஸ் வரைக்கும் தூக்கி வந்தார்கள். உள்ளே கொண்டுவந்து வைத்தது தோழியின் மகள். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து வந்தவள் என் சீட்டுக்கு எதிரில் நின்றாள். என் கையில் சோறு, மடியில் பிரித்த பொட்டலம், வாயில் பாதி. ஒருபொழுது என்று நான் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அது கல்லூரியில் நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. எதிரில் இருக்கிற ஆள் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பார்வை.

“தட்டு வெச்சுட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கச்சாயத்தை எங்கள் ஆட்கள் யாரும் தொடவில்லை. எண்ணெய்ப் பண்டம், கொலஸ்ட்ரால் என்றார்கள். பாய் இரண்டு எடுத்துக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டார். மிச்சத்தை டிரைவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தபடி இருந்தன. வாசிப்பு மனிதனை எப்படி உயர்த்துகிறது என்று செயலாளர் நீளமாக எழுதினார். பார்சல் வரிசையில் கும்பிட்டபடி நின்ற ஒரு சின்னக் குழந்தையின் படத்துக்குத்தான் அதிக இதயங்கள். இலை போட்ட தாழ்வாரம் ஒரு படத்திலும் இல்லை. அன்றைக்குச் சமைத்த சோறு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. பாதியை மாட்டுக்குக் கரைத்து ஊற்றினார்கள் என்று தம்பி சொன்னான். காலனியில் ஆண்கள் தோழியை ரொம்பப் பேசிவிட்டார்களாம், குழுத் தலைவி பதவியை அவளே விட்டுவிட்டாளாம். “உனக்கெதுக்கு அக்கா இந்த வேலையெல்லாம்” என்றும் சொன்னான்.

அடுத்த மாதப் புத்தகத்தை வண்டியில் அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. பிரித்த அடையாளமே இல்லை. உள்ளே தாளும் இல்லை. ஒரு தடவை உதறிப் பார்த்தேன், பக்கம் பக்கமாகவும் புரட்டிப் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். தம்பி வீட்டுக்குப் போகாமல் அன்னூரில் பஸ் மாறி, நேராகக் காலனிக்கு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், அந்தத் தெருவுக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நுழைந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் போனேன். உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும், மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது, சாப்பிட்டால் அவளுக்குப் புரியும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

தோழி வாசலுக்கு வந்தாள். “வாங்க அம்மணி” என்று அதே மரியாதையோடு கூப்பிட்டாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முந்தானையால் துடைத்தாள். மகளைக் கடைக்கு அனுப்பினாள். அவள் ஒரு கலர் சோடா வாங்கி வந்து மூடி திறக்காமல் என் கையில் கொடுத்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் வந்தால் காலனியில் கொடுப்பது அதுதான். கடையிலிருந்து மூடியோடு வருவதால் யார் கையும் பட்டதாகக் கணக்கில்லை.

“ஏம்புள்ள, சோடா எதுக்கு? எனக்குப் பசிக்குது. சோறு போடு” என்றேன். குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஊட்டுல அடுப்பே பத்த வெக்கலீங்க அம்மணி” என்றாள் தோழி. “நாங்க ஒருபொழுதுங்க.”

உள்ளே குக்கர் விசில் அடித்தது. மூன்று பேருக்கும் கேட்டது. அடங்கியதும் இன்னொரு தரம் அடித்தது. யாரும் எழுந்து உள்ளே போகவில்லை. நான் மூடியைத் திருகித் திறந்து, அந்தச் சோடாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.